காஷ்பர் வின்ச் வாங்கப் போன வருஷங்கள்

காஷ்பர் லாஸ்னிக் மரம் இழுக்கும் இயந்திரம் ஒன்றை விலை பேசிவிட்டு வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அவனுடைய காடு இன்னும் கொஞ்சம் செங்குத்தாகிவிடும். போஹோர்யே மலையில் இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் வீட்டுக் கிணறு வெயில் காலத்தில் வற்றும், சிலர் வீட்டுப் பசு கன்று போட்ட பிறகு உதைக்கும், லாஸ்னிக் வீட்டுக் காடு நிமிரும். அவ்வளவுதான்.

முதல் தடவை அது நடந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். ராட்கோனா சந்தையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் வின்ச் ஒன்றை அவன் பார்த்தான். சிவப்பு வண்ணம், கம்பிவடம் சுற்றிய உருளை, தரையில் ஊன்றிக்கொள்ள ஓர் இரும்புத் தகடு. வெட்டிய மரத்தின் கழுத்தில் சங்கிலியைப் பூட்டி வடத்தைச் சுற்றினால், மரம் காட்டுக்குள்ளிருந்து பாதைக்குத் தானாக வந்து சேரும்; டிராக்டர் காட்டுக்குள் நுழையவே வேண்டாம். சின்னக் காடு வைத்திருப்பவனுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது என்று விற்பவன் சத்தியம் செய்தான். அது உண்மையும்கூட. பேரம் படிந்தது. விற்பவன் கையை நீட்டினான். காஷ்பரும் முக்கால்வாசி நீட்டினான். பிறகு, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். இந்த மலையில் ஆண்கள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ வீட்டில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாங்காமல் தப்பிப்பதற்கு மட்டும்தான் கேட்பார்கள்.

அவன் வந்து இறங்கியபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த காடு எழுந்து உட்கார்ந்திருந்தது. காலையில் அது சாதுவான சரிவு. கீழே விழுந்த ஆப்பிள், உருளலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுக்குத்தான் சாய்வு. மாலையில் ஆப்பிளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. காட்டோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த பசு முன்கால்களை மடக்கிக்கொண்டு, இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல அசை போட்டது. காஷ்பர் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து மனைவி தில்காவிடம், "இந்தச் சரிவுக்கு அந்த வின்ச் சரிப்படாது" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். ஆனால் அன்று பக்வீட் மாவுக் களியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். தில்கா அதைக் கவனித்தாள்.

அந்தப் பகுதியின் வன அலுவலர் உர்ஷா. இந்த நாட்டில் சொந்தக் காடாக இருந்தாலும் நினைத்த மரத்தை வெட்டிவிட முடியாது. வன அலுவலர் வந்து பார்த்து, எந்த மரம் போகலாம் என்று பட்டையில் வண்ணக் குறி போட்டால்தான் கோடாரி அதைத் தொடலாம். அந்த இலையுதிர் காலத்தில் உர்ஷா வந்தபோது காட்டை அண்ணாந்து பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், பழைய சரிவை ரப்பரால் அழித்துவிட்டுப் புதிய சரிவை எழுதினாள். "நிலம்னா அசையத்தான் செய்யும்" என்றாள். பிறகு, வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மரம் எடுக்கிற காட்டுக்குச் சொந்த இயந்திரமே தேவையில்லை, பக்கத்து வீட்டு இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு, அதற்கென்றே விவசாயிகளுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது என்று விளக்கினாள். இதை அவள் வருஷாவருஷம் ஊர்க் கூட்டத்திலும் விளக்குவாள். ஆண்கள் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், அவள் கொண்டுவந்த சாசேஜைத் தின்று முடிப்பார்கள், வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு இயந்திரம் வாங்குவார்கள். பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதைவிட வங்கியில் நிலத்தை அடகு வைப்பது கௌரவம் என்பது இந்த மலையின் பொருளாதாரம்.

பக்கத்து வீட்டு ஃபெர்தோ அந்தப் பொருளாதாரத்தின் முதல் மாணவன். அவன் காடு காஷ்பர் காட்டைவிடச் சின்னது. கைக்குட்டையை விரித்தால் பாதி மூடிவிடும். அதற்கு வின்ச், கிரேன் வைத்த டிரெய்லர், விறகு பிளக்கும் இயந்திரம், எதற்கென்று இன்னும் அவனுக்கே தெரியாத மஞ்சள் இயந்திரம் ஒன்று என எல்லாம் வைத்திருந்தான். அவற்றை நிறுத்த இடம் வேண்டுமென்று காட்டில் ஒரு பகுதியை வெட்டிக் கொட்டகை போட்டான். லாஸ்னிக் காடு நிமிர்ந்ததில் அவனுக்குத்தான் மிகுந்த மனவருத்தம். செங்குத்தான நிலத்துக்கு வரி குறைவு.

"உனக்கு மட்டும் எப்படிப்பா அமையுது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான். "நானும்தான் சந்தைக்குப் போறேன். என் நிலம் தட்டு மாதிரி கெடக்கு."

"நீ வாங்கிடுறியே ஃபெர்தோ" என்றான் காஷ்பர். "வாங்கக் கூடாது. யோசிக்கணும்."

யோசித்தான். வருஷக்கணக்கில் யோசித்தான். வின்ச் சரிப்படாது என்று ஆனதும் கிரேன் வைத்த டிரெய்லரைப் பார்க்கப் போனான். அதைக் காட்டுக்குள் இழுத்துப்போக டிராக்டர் கவிழாமல் நிற்க வேண்டும். அவன் திரும்பி வந்தபோது காட்டில் ஆடு நிற்பதே சந்தேகமாக இருந்தது. அடுத்து, பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற சின்னச் சங்கிலிச்சக்கர வண்டி. யாரோ ஒரு சுவீடன்காரன் பாதி விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னான். காஷ்பர் முன்பணம் அனுப்பலாமா என்று பேனாவை எடுத்தான், சமையலறை ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது, காடு இன்னும் ஒரு முழம் எழுந்திருந்தது. அதன் பிறகு குதிரை. டீசல் குடிக்காது, மண்ணை அழுத்தாது, பழுதானால் உதிரி பாகம் தேட வேண்டாம் என்று காஷ்பர் கணக்குப் போட்டான். விற்பவன் குதிரையை நேரிலேயே கொண்டுவந்து இறக்கினான். குதிரை காட்டை அண்ணாந்து பார்த்தது, பிறகு காஷ்பரைப் பார்த்தது, பிறகு தானாகவே திரும்பி, வந்த வண்டியில் ஏறிக்கொண்டது. அதற்கும் பிறகு பிளாஸ்டிக் சறுக்குக் குழாய். அரைவட்டத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து மலையில் படுக்க வைத்தால் விறகுக்கட்டைகள் வழுக்கி வரும். விலையும் சல்லிசு. ஆனால் படுக்க வைக்க ஏதாவது சரிவு வேண்டும். காடு அப்போது சுவராகவே நின்றுவிட்டது.

மரங்களும் நிலத்தோடு சேர்ந்தே சாய்ந்திருந்தன. சுவரில் அடித்த முளைகளைப் போல, ஊசியிலை கொண்ட ஸ்ப்ரூஸ் மரங்கள் முற்றத்தை நோக்கிப் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. கூம்பு நுனிகள் காற்றில் ஆடும். பறவைகள் கூட்டைத் திருப்பிக் கட்டிக்கொண்டன. உர்ஷா வரைபடத்தில் காட்டை ஒரு கோடாகக் குறித்தாள். சுவருக்குப் பரப்பளவு இல்லை என்பதால் வரி அலுவலகம் வரியை நீக்கிவிட்டது. அன்று ஃபெர்தோ காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான்.

இத்தனைக்கும் நடுவில் லாஸ்னிக் வீட்டு அடுப்பு ஃபெர்தோவிடம் வாங்கிய விறகில்தான் எரிந்துகொண்டிருந்தது. காடு வைத்திருப்பவன் விறகு வாங்குவது இந்த மலையில் மீன்காரன் மீன் வாங்குவது போன்ற விஷயம். தில்கா கொக்கிக்கோலை எடுத்துக்கொண்டு போய், சுவரடியில் உதிர்ந்து கிடக்கும் கிளைகளை இழுத்து வருவாள். அது ரொட்டி சுடவே போதாது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஃபெர்தோ கிரேன் வைத்த டிரெய்லரில் விறகைக் கொண்டுவந்து, தேவைக்கு மேல் சத்தம் போட்டு இறக்குவான்.

"காடு பார்க்க ரொம்ப அழகா இருக்கு தில்கா. எரிக்க மட்டும்தான் என்கிட்ட வர வேண்டியிருக்கு."

"உன் விறகு நல்லாத்தான் எரியுது ஃபெர்தோ" என்பாள் தில்கா. "பச்சையா இருக்கிறதால கிறிஸ்துமஸுக்கு வச்ச கட்டை புகைஞ்சுக்கிட்டே கெடக்கு, ஈஸ்டருக்குத்தான் புதுசு வைக்கணும்."

அவள் காஷ்பரைத் திட்டாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. "மலிவா இருக்கணும், ஆனா மலிவாத் தெரியக் கூடாது. புதுசா இருக்கணும், ஆனா அடுத்தவன் ஓட்டிப் பார்த்திருக்கணும். இப்படி ஒரு மெஷினை நீ சொர்க்கத்துலதான் வாங்கணும்" என்பாள். அவன் சிரிப்பான். காலையில் காப்பி குடித்ததும் காட்டுக்குப் போவான். மரத்துக்கு மரம் கை வைத்துவிட்டு, மதியம் களிக்கு வருவான். பன்றியை வெட்டக் கொடுக்கும்போது கண் சிமிட்டாத மனிதன், தான் குழந்தையாக இருந்தபோதே நின்றிருந்த ஒரு ஸ்ப்ரூஸின் பட்டையில் உர்ஷா குறி வைத்தால் அன்று முழுவதும் பேச மாட்டான். தில்காவுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. அவனுக்கு ஒரு மரத்தையும் வெட்ட மனசில்லை. ஆனால் பண்ணைக்காரன் ஒருவன் அதை இந்த மலையில் வாய்விட்டுச் சொன்னால், சாகும்வரை அவனை மதுக்கடையில் பூ கொடுத்து வரவேற்பார்கள். அதனால் அவன் சரியான இயந்திரம் கிடைக்கவில்லை என்று சொன்னான். காடும் தன்னாலான ஒத்தாசையைச் செய்தது. புருஷனும் காடும் சேர்ந்து நடத்துகிற நாடகத்தில் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே பார்வையாளி தான்தான் என்று தில்கா நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருபது வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் செய்தவனை அப்படி மாட்டிவிடுவது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

கடைசியாகக் காஷ்பர் பார்த்தது கேபிள் கிரேன். செங்குத்து மலைக்கென்றே செய்தது. மேலே ஒரு கம்பம், கீழே ஒரு கம்பம், நடுவில் வடம், மரங்கள் துணிபோலத் தொங்கி இறங்கும். அதன் விலைக்கு வீட்டையும் பசுக்களையும் ஃபெர்தோவையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கும் என்றாலும், சரிவை அளந்துவிட்டால் தெளிவாக முடிவெடுக்கலாம் என்று சொன்னான். செப்டம்பரில் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன்னால், அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த மரங்களை ஏணிப்படியாக வைத்து ஒவ்வொன்றாக ஏறினான். வீட்டுக் கூரை உயரத்தைத் தாண்டி ஒரு பருத்த ஸ்ப்ரூஸ் உண்டு. அதன் மேல், பெஞ்சில் உட்காருவதுபோல, கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். தில்கா கீழேயிருந்து களி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அவன் முற்றத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். இதயம் நின்றிருந்தது. விழவில்லை. மரம் அவனை விடவில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவனை இறக்குவதற்கு ஃபெர்தோவின் வின்ச் வந்தது. லாஸ்னிக் காட்டில் முதல் முதலாக ஓர் இயந்திரம் வேலை செய்தது அன்றைக்குத்தான், அதுவும் முதலாளியை இறக்க. கம்பிவடத்தை மேலே ஒரு கிளையில் போட்டு, இடுப்பில் பட்டை கட்டி, ஃபெர்தோ நெம்புகோலைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்கினான். அவன் அவ்வளவு மெதுவாக எதையும் இறக்கி யாரும் பார்த்ததில்லை. முற்றத்தைத் தொட்டதும் இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். இதற்கு அவன் வாடகை கேட்கவில்லை. தில்காவும் இரவல் கேட்டோமே என்று வெட்கப்படவில்லை. ஊர் இரண்டையும் மன்னித்தது.

அடக்கம் முடிந்து வந்த சாப்பாட்டில், இறைச்சி சூப்பை முடித்துவிட்டு ஆண்கள் விவாதத்தில் இறங்கினார்கள்.

"வின்ச் அஞ்சு டன் இழுக்கும். காஷ்பருக்கு அது ரொம்ப அதிகம்."

"கேபிளா இருந்தா அலுங்காம இறக்கியிருக்கலாம். ஆடுச்சு பார்த்தியா?"

"கேபிள் கட்டவே ரெண்டு நாள் ஆகும்யா. ஒருத்தருக்குன்னா கட்டுப்படி ஆகாது."

தில்கா ப்ளம் சாராயத்தை அவர்கள் நடுவில் வைத்தாள். "அடுத்த தடவை செத்தா கேபிள்ல இறக்கிப் பாருங்க. இப்போ சாப்பிடுங்க."

குளிர்காலம் போனது. மார்ச் மாதத்தில் தில்கா ஜன்னலைத் திறந்தபோது காட்டில் அங்கங்கே துருப்பிடித்த நிறம் தெரிந்தது. உர்ஷா தொலைநோக்கியால் பார்த்தாள், கூரை மேல் ஏறி நின்று பார்த்தாள், பிறகு மரம் மரமாக ஏறிப் பட்டையை நகத்தால் பெயர்த்துப் பார்த்தாள். பட்டை வண்டு. அடியில் சின்னச் சின்னச் சுரங்கங்கள், காப்பித் தூள் போன்ற மரத்தூள். வண்டு பிடித்த மரங்களில் ஆரஞ்சுக் குறி போட்டுக்கொண்டே இறங்கி வந்தாள்.

"அம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மே மாசம் வெயில் ஏறினா இதுங்க பறக்கும். அதுக்குள்ள குறி போட்ட மரமெல்லாம் காட்டை விட்டு வெளியே போயிருக்கணும். இல்லைன்னா மிச்சக் காடும் போயிடும்."

"நான் எடுக்கலைன்னா?"

"சட்டப்படி நாங்க ஆள் வச்சு எடுப்போம். செலவு உங்களுது." உர்ஷா சுவரை அண்ணாந்து பார்த்தாள். "இந்த மாதிரி இடத்துல ஒப்பந்தக்காரன் ஒவ்வொண்ணாப் பொறுக்க மாட்டான். மேலேர்ந்து எல்லாத்தையும் வழிச்சு இறக்கிடுவான். குறி போட்டது, போடாதது, எல்லாம்."

ஃபெர்தோ மறுநாளே வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் என்கிற கடமைக்காகவே கேட்பதாகச் சொல்லி, காட்டைத் தனக்கு விற்றுவிடலாமே என்றான். அவன் சொன்ன விலைக்கு ஒரு நல்ல சைக்கிள் வரும்.

"சுவரை வாங்கி என்ன செய்யப் போற ஃபெர்தோ?"

"வரி இல்லையே" என்றான் ஃபெர்தோ, நேர்மையாக.

தில்கா அன்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இத்தனை வருஷமும் காஷ்பர் சேர்த்து வைத்திருந்த விளம்பரத் தாள்களில் ஒன்றில்கூட, சுவரில் முளைத்த மரங்களை இறக்கும் மலிவான இயந்திரம் இல்லை. ஆனால் காடு சுவரோடு நின்றுவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு முறை நகர்ந்தால், சுவர் தாண்டி வீட்டின் மேல் கவிழும். கவிழ்ந்தால் மரங்கள் தலைகீழாகத் தொங்கும். பட்டை வண்டு தின்ற மரத்துக்கு வேரில் பிடி இருக்காது. பழுத்த பேரிக்காய்போலத் தானாக முற்றத்தில் விழும். வின்ச் வேண்டாம், கிரேன் வேண்டாம், குதிரை வேண்டாம். கூரை போகலாம், போகாமலும் இருக்கலாம். யாராவது போய் ஓர் இயந்திரத்தை விலை பேசிவிட்டு வந்தால் போதும். பஸ் கட்டணம்தான் செலவு. மலையில் இதுவரை யோசிக்கப்பட்ட எல்லா வழிகளிலும் இதுதான் மலிவு என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்லோவென் க்ராடெத்ஸில் இயந்திரம் விற்கும் கடைக்குப் போனாள். வின்ச்சை விலை பேசினாள், உருளையைத் தட்டினாள், கம்பிவடத்தில் துரு இருக்கிறதா என்று காஷ்பர் பார்ப்பதைப்போலவே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், பேரம் படியும் நேரத்தில் வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்தால் காடு அப்படியே நின்றது. அடுத்த வாரம் டிரெய்லர். காடு நின்றது. அதற்கடுத்து, வெட்கத்தை விட்டு, கேபிள் கிரேன் விற்பவனையே மலைக்கு வரவழைத்தாள். அவன் காப்பியும் கேக்கும் சாப்பிட்டான், காட்டைப் புகைப்படம் எடுத்தான், போனான். ஓர் ஊசியிலைகூட நகரவில்லை. காஷ்பருக்காக அத்தனை வருஷம் எழுந்து நின்ற காடு அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனசில்லாதவனுக்குத்தான் அது நகரும். அவளுக்கோ மரங்கள் விழுந்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் கடை கடையாக அலைந்தாள். காட்டை ஏமாற்ற முடியாது என்று அவளுக்குப் புரிந்தபோது ஏப்ரல் பாதி போயிருந்தது.

சரி, நிஜமாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்தக் கடையில் ஒரு பழைய வின்ச் மூலையில் கிடந்தது. வண்ணம் போய், தகடு வளைந்து, ஆனால் உருளை நல்ல நிலையில் இருந்தது. விலையும் அவள் கைக்கு எட்டியது. ஏறி வெட்ட ஆள் பிடிக்கலாம், எத்தனை மரம் முடிகிறதோ அத்தனை. பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை எந்தெந்த மரம் என்று பார்த்துக்கொள்ள முற்றத்தில் நின்று அண்ணாந்தாள். காலை வெயில் சுவரில் நேராக அடித்தது. கூரைக்கு மேலே, அந்தப் பருத்த ஸ்ப்ரூஸின் அடியில், காஷ்பர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு கை தள்ளி, ஆரஞ்சுக் குறி இருந்தது. உர்ஷா அதை அன்றே போட்டிருந்தாள். தில்கா அதுவரை அந்த மரத்தைப் பார்க்காமலே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடையில் எல்லாம் தயாராக இருந்தது. விற்பவன் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான், பேனாவைக் கொடுத்தான், இன்று மதியமே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதாகச் சொன்னான். தில்கா பேனாவைத் தாளில் வைத்தாள். 'தி' என்ற முதல் எழுத்தும் வந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விற்பவனுக்கு நன்றாகத் தெரியும். அடக்கத்துக்கு மாலை அனுப்பியவனே அவன்தான். பேனாவை வாங்கி மூடினான். "கேட்டுட்டு வாங்கம்மா" என்றான். "அவசரமில்லை."

பஸ் கடைசித் திருப்பத்தில் ஏறும்போதே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். லாஸ்னிக் வீட்டின் மேல் காடு கவிழ்ந்திருந்தது. ஒரு பெரிய ஆள் குனிந்து, சின்னக் குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல, முற்றத்துக்கும் கூரைக்கும் மேலே வளைந்து நின்றது. ஸ்ப்ரூஸ் மரங்களின் நுனிகள் கீழ்நோக்கித் தொங்கின. புகைபோக்கிக்கு அவை வழி விட்டிருந்தன. தில்கா முற்றத்தில் கால் வைக்கக் காத்திருந்ததுபோல முதல் மரம் விழுந்தது. பிறகு இன்னொன்று. கூரையைத் தவிர்த்து, கோழிக்கூட்டைத் தவிர்த்து, துணிக்கொடியைத் தவிர்த்து, பாதைக்கு இணையாக, அடி ஒரே பக்கமாக, லாரிக்காரன் அடுக்கச் சொன்னதுபோல விழுந்தன. மூன்றாம் நாள் உர்ஷா வந்து எண்ணினாள். ஆரஞ்சுக் குறி போட்டவை, ஒன்றைத் தவிர, எல்லாம் கீழே கிடந்தன; குறியே இல்லாத ஒன்றும் கிடந்தது. பட்டையைப் பெயர்த்துப் பார்த்தாள், வண்டு இருந்தது. "இதை நான் விட்டிருக்கேன்" என்று ஒத்துக்கொண்டு, விழுந்த மரத்துக்கே குறி போட்டுச் சட்டத்தை நேராக்கினாள்.

"ஆனா ஒண்ணு பாக்கி இருக்கும்மா" என்றாள் மெதுவாக.

பருத்த ஸ்ப்ரூஸ் விழவில்லை. அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேர் மேலே, தலைகீழாக, குறியோடு தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. லாரிக்காரன் வந்து மற்ற மரங்களை ஏற்றிப் போனான். ஃபெர்தோ தன் வின்ச்சோடு வந்து, வடத்தை மேலே வீசிப் பார்த்து, கொக்கி பிடிக்காமல், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஒத்த மரம் தில்கா. அதை அப்படியே விட்டா வண்டு பூராக் காட்டையும் தின்னுடும்."

"தெரியும். நீ போ ஃபெர்தோ."

அவன் வேலிவரை போய், போகாமல் நின்றுகொண்டான். அதனால்தான் அடுத்து நடந்தது ஊருக்குத் தெரியும். தில்கா மரத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். நின்றால் தலையில் விழும் என்று கத்தலாமா என்று ஃபெர்தோ யோசித்தான். அவள் அண்ணாந்து, அடுப்பங்கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிடும் குரலில், இருபது வருஷம் அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எனக்கும் மனசில்லைதான் காஷ்பர். உனக்கு இருந்த மாதிரியேதான். ஆனா வண்டு நம்ம ரெண்டு பேரையும் கேட்டுட்டா வருது? எறங்கு."

மேலே வேர்கள் ஒவ்வொன்றாக விடுவது, துணி கிழிவதுபோலக் கேட்டது. மரம் விழவில்லை, இறங்கியது. அஞ்சு டன் வின்ச்சில் ஃபெர்தோ இறக்கியதைவிட மெதுவாக, நுனி முதலில் தரையைத் தொட்டு, கிளைகள் மடங்கி, அவளுக்கு ஒரு பக்கமாக உடம்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. தில்கா கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து லாரிக்காரனுக்கு போன் செய்தாள். வண்டு பிடித்த மரத்தை முற்றத்தில் வைத்திருக்கக் கூடாது.

அந்த மே மாதம் வண்டு பறந்தது, ஆனால் லாஸ்னிக் காட்டிலிருந்து அல்ல. கைக்குட்டை அளவுக் காட்டுக்காரன் ஃபெர்தோ, எல்லா இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு, தன் காட்டில் குறி போட்ட மரங்களை எந்த இயந்திரத்தால் எடுப்பது என்று தீர்மானிக்க முடியாமல் தாமதித்துவிட்டான். விவசாய ஆலோசனைத் துறை, சின்னக் காடுகளுக்கு ஏற்ற மலிவான அறுவடை இயந்திரங்கள் என்ற தலைப்பில் லாஸ்னிக் முற்றத்திலேயே ஒரு பயிலரங்கு நடத்தியது. பேராசிரியர் ஒருவர் படம் போட்டுப் பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவன் தில்காவைப் பார்த்து, நீங்கள் எந்த இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். "இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

காடு அப்படியே நிற்கிறது. வரைபடத்தில் அதை எப்படிக் காட்டுவது என்று தலைநகரிலிருந்து இன்னும் உர்ஷாவுக்குப் பதில் வரவில்லை. வரி அலுவலகம் அதைக் கூரை என்று பதிவு செய்துவிட்டது. தெற்குப் பக்கம் திறந்திருப்பதால் வெயிலுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் முற்றத்தில் பனி விழுவதில்லை, பாதை வெட்டும் வேலை மிச்சம். செப்டம்பரில் காளான் மேலேயிருந்து உதிரும். கூடையைத் திறந்து வைத்தால் போதும். வருஷத்துக்குச் சில மரங்கள், வயதானவை, தாமாக விடுகின்றன. அடுப்புக்கு அது தாராளம். மழை ஓய்ந்த பிறகும் ஒரு மணி நேரம் காடு சொட்டிக்கொண்டிருக்கும், அதனால் துணியை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காயப் போட வேண்டும். கோடையில் தில்கா மேசையை வெளியே போட்டுச் சாப்பிடுகிறாள். சூப்பில் ஊசியிலைகள் விழும். அவற்றைக் கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுகிறாள்.